தலையணைக் கணக்கு

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?
இப்படித்தான் தொடங்குவேன்.
புதிதாய் வருகிறவர்கள்
வீட்டுக்கு யாரோ விருந்தாளி வரப்போவதுபோல் முழிப்பார்கள்.

இரண்டு என்றால் எழுதிக்கொள்வேன்.
மூன்று என்றால் நிமிர்ந்து பார்ப்பேன்.
"எங்கே படுக்கிறது மிஸ்ஸி,
நாற்காலியிலேயே விடிஞ்சிடுது" என்றால்
பேனாவை வைத்துவிட்டு டாக்டரைத் தேடிப் போவேன்.

பினாங்கு. மூன்றாம் மாடி, ஏழாம் அறை.
ஓர் எடை இயந்திரம்.
ஒன்றரை லிட்டரில் கோடு போட்ட தண்ணீர்ப் போத்தல்.
சுவரில் கிச்சாப், கருவாடு, ஊறுகாய்,
மூன்றின்மேலும் சிவப்பு அடித்தல், மூன்று மொழிகளில்.
பதினொரு வருடமாய் இந்த அறைதான் எனக்கு.

போன வருடம் மேட்ரன் சொன்னார்:
சான்றிதழ் எடுத்துவிடு, ஜெகதாம்பாள்.
அதாவது, எனக்குத் தெரிந்தது
எனக்குத் தெரியும் என்று
ஒரு தாள் சொல்ல வேண்டும்.

பட்டர்வொர்த் பெரியில் நின்றுகொண்டே படித்தேன்.
ஒரு துடிப்புக்கு இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது,
அதற்கொரு சதவீதம்.
எந்த இதயமும் முழுதாய்த் தள்ளுவதில்லை.
நூற்றுக்கு அறுபது வந்தாலே
அது நல்ல இதயம்.
எனக்கு எழுபது வேண்டும் என்றார்கள்.
வந்தது அறுபத்தேழு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அமிர்தநாயகம் வந்தார்.
பிறைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அட்டையை மூக்கருகே பிடித்துப் படித்துவிட்டு
"ஹார்ட் பெயிலியர்னு போட்டிருக்கே.
பெயிலா மிஸ்ஸி?
மறுபடி எழுத முடியாதா?"

இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன்.
நின்றுபோகவில்லை அங்கிள், களைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
நூறு பேரிடம் சொன்ன பதில்.
அன்றைக்கு வாய் வரவில்லை.

குனிந்து அவர் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
குழி விழுந்தது.
அது மூடுவதற்குள்
எட்டுவரை எண்ணினேன்.
எண்ணுவதற்கு ஏதோ இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"எழுதலாம் அங்கிள்.
தினம் காலையில் எழுதணும்.
ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, கோப்பி குடிக்கும் முன்,
அதே கைலியோடு ஏறி நின்று
எடையை எழுதணும்.
மூணு நாளில் ரெண்டு கிலோ கூடினால் போன் அடிக்கணும்."

"இருபது டன் தூக்கினவன் நான்,
ரெண்டு கிலோவுக்கு இவ்வளவு கூச்சலா" என்றார்.
ஆனாலும் நோட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டாம் முறை தேர்வில்
நாற்பத்து மூன்றாம் கேள்வி அதேதான்.
நோயாளிக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடியிருக்கிறது.
முதலில் என்ன செய்வீர்கள்?
நான்கு பதில்கள், நான்கும் ஓரளவு சரி.
வீட்டில் ஏதும் விசேஷமா, யார் சமைத்தது,
மாத்திரை தீர்ந்துபோய் எத்தனை நாளாயிற்று,
காலையில் செருப்புக்குள் கால் நுழைந்ததா
என்று கேட்பேன்.
அதற்கு வட்டம் இல்லை.
இரண்டாவது வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு நகர்ந்தேன்.

எழுபத்து நான்கு.

தாள் வந்தது.
என் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.
கீழே, பொடி எழுத்தில்,
ஐந்து வருடம்வரை செல்லும் என்றிருந்தது.

அமிர்தநாயகம் அதையும் மூக்கருகே வைத்துப் படித்தார்.
"அப்புறம் மறுபடி எழுதணுமா?"
"எழுதணும்."
"பாவம் மிஸ்ஸி" என்றார், உண்மையாகவே.

பிறகு தன் நோட்டை நீட்டினார்.
எண்பத்தாறு புள்ளி இரண்டு. எண்பத்தைந்து ஒன்பது. எண்பத்தைந்து நான்கு.
ஒரு சனி, ஞாயிறு மட்டும் வெற்றுக் கட்டம்.
நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார்: "மச்சான் வீட்டுக் கல்யாணம். பிரியாணி."
திங்கள் எண்பத்தேழு.
போன் அடித்திருந்தார் அன்றைக்கு.

கணுக்காலை அழுத்தினேன்.
இரண்டு எண்ணுவதற்குள் மூடிக்கொண்டது.

எத்தனை தலையணை, அங்கிள்?

"ரெண்டு.
ஒண்ணு எனக்கு.
இன்னொண்ணைப் பூனை விடமாட்டேங்குது."

ஒன்று, என்று எழுதினேன்.