கொசுறு

எல் ஆல்ட்டோவில் மூச்சு எல்லோருக்கும் கடன்தான்.
பதின்மூன்றாயிரம் அடி உயரம்.
மாடியேறும் டாக்டர் நில்தாவே பாதியில் நின்று
சுவரில் ஏதோ படிப்பதுபோல் பாவனை செய்வார்.

செவெரினா நிற்காமல் ஏறி வந்தாள்.
உருளைக்கிழங்கு விற்பவள்.
கறுப்புப் பாவாடை, அதன்மேல் கறுப்பு, அதற்கும் மேல் கறுப்பு.
மூன்று வருடமாக வேறு நிறம் உடுத்தவில்லையாம்.
துக்கமா என்று கேட்டேன்.
ரத்தம் என்றாள்.

மாதத்தில் பதினெட்டு நாள்.
கடையிலிருந்து எழும்போதெல்லாம்
உட்கார்ந்த சாக்கைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான்
சில்லறை எண்ணிக் கொடுப்பாளாம்.
இரண்டு பை ரத்தம் ஏற்றிய பிறகே தேதி குறித்தோம்.

டாக்டர் ஒரு படம் வரைந்தார்.
பேரிக்காய் போலக் கருப்பை, அதில் கட்டிகள்.
"கட்டியை மட்டும் எடுத்தால் மறுபடி வளரலாம்.
பையோடு எடுத்தால் கதை முடிந்தது.
நாற்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள்.
வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?"

செவெரினா படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.
"கிழங்கு வாங்குகிறவளுக்கு நான் கொசுறு போடுவேன்.
இரண்டு, சில நாள் மூன்று.
நானாகப் போட்டால்தான் கொசுறு.
அவளாகக் கூடையில் கைவிட்டால்
அதற்குப் பேர் வேறு."

பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி:
"ஏரிக்கு அந்தப் பக்கம் என் அக்கா
பிரசவத்துக்குப் போனாள்.
குழாயில் முடிச்சோடு வந்தாள்.
அவளுக்கே ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது."

டாக்டர் பேனாவை மூடினார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
இரண்டு வருடமாக அவரோடு வேலை செய்கிறேன்,
புறநோயாளி அறையில் அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

*

துணி எண்ணுவது என் வேலை.
பத்து உள்ளே போனால் பத்து வெளியே வரவேண்டும்.
முதுகில் ஊசி போட்டிருந்தார்கள்.
இடுப்புக்குக் கீழே அவள் இல்லை,
திரைக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டிருந்தாள்.

கருப்பையின் கழுத்தில் ரப்பர் குழாய் சுற்றி
ரத்தத்தை நிறுத்திவைத்து
கீறி, பற்றி, திருகி
ஒவ்வொன்றாக எடுத்தார் டாக்டர்.
வெள்ளையாக, கெட்டியாக,
மண் படாத கிழங்குகள்.
குழிகளை அடுக்கடுக்காகத் தைத்தார்.

ஒன்பது, என்றேன்.
யாரும் அசையவில்லை.
மானிட்டர் மட்டும் தன் பாட்டுக்கு.
மறுபடி எண்ணினேன். ஒன்பது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல்:
"பதறாதே மகளே.
அவசரத்தில் எண்ணினால் எனக்கும்தான் தப்பும்.
கீழே பார்."

பயிற்சி மருத்துவனின் செருப்படியில்
ஒட்டிக் கிடந்தது பத்தாவது.

*

பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும்முன்
பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தாள்.
மூடிய பாத்திரத்தைக் கொண்டுபோனேன்.
மூடியைத் திறக்கச் சொல்லவில்லை.
அடியில் உள்ளங்கையைக் கொடுத்து
கண்ணை மூடினாள்.
"ஒன்றே கால் கிலோ. பாத்திரத்தைக் கழித்துவிட்டேன்."

தராசு ஆயிரத்து இருநூற்று முப்பது என்றது.
"உங்கள் தராசைக் கொஞ்சம் பழுது பாருங்கள்" என்றாள்.

மாலையில் டாக்டர் வந்து சொன்னார்,
கொஞ்சம் தயங்கி:
"ஆழத்தில் இரண்டு, பட்டாணி அளவு.
தோண்டினால் ரத்தம் நிற்காது.
விட்டுவிட்டேன்."

"இருக்கட்டும்" என்றாள் செவெரினா,
"கொசுறு."

சிரித்தாள். தையல் வலித்தது.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் சிரித்தாள்.

ஆறு வாரம் கழித்து வந்தபோதும் அதே கறுப்பு.
இனி நிறம் உடுத்தலாமே என்றேன்.
"துணி நன்றாகத்தானே இருக்கிறது,
கிழியட்டும்."

இறங்கிப் போனாள்.
நடுப்படியில் டாக்டர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.
அவரருகே இவளும் நின்றாள்,
மூச்சு வாங்காமலே,
அவருக்கு வாங்கி முடியும்வரை.