பெரும்பாடு

லிங்கராஜபுரம் கோயிலில் தமிழ் ஆராதனை
காலை ஏழரைக்கு.
ஒன்பதரைக்குக் கன்னடக்காரர்கள் வந்துவிடுவார்கள்.
அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கோப்பைகளைக்
கழுவிக் கவிழ்த்தாக வேண்டும்.
விரல் நுழையாத கோப்பைகள்.
பழைய டூத் பிரஷ் ஒன்று வைத்திருக்கிறேன்.
அடியில் எப்போதும் ஒரு சொட்டு ரசம் மிச்சம்.
காய்ந்தால் என்ன நிறமாகும் என்று எனக்குத் தெரியும்.

கழுவலாம். கொடுக்கக் கூடாது.
அதைப் பேசத்தான் போன வாரம் கமிட்டி கூடியது,
கோப்பைத் தட்டைப் பெண்களும் ஏந்தலாமா என்று.
என் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.
மினிட்ஸ் எழுத உட்கார வைத்தார்கள்.

செயலாளர் ஞானாபரணம் எழுந்தார்.
நல்லவர். அப்பாவின் அடக்கத்தன்று
மழையில் பெட்டி சுமந்தவர்.
"எனக்கொன்றும் ஆட்சேபணை இல்லை.
ஆனால் சகோதரிகளுக்கு அந்த மாதிரி நாட்களில்"
என்று சொல்லி மின்விசிறியைப் பார்த்தார்.
வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று
எனக்கும் தெரியவில்லை.
மூன்று புள்ளி வைத்தேன்.

ஓசூர் ரோடு ஆஸ்பத்திரியில்
ரத்த வங்கியில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன்.
நாலு டிகிரியில் வரிசையாகப் படுத்திருக்கும் பைகள்.
குரூப் பார்த்து அடுக்குவோம்.
ஆண், பெண் என்று தனித்தட்டு கிடையாது.
அந்த மாதிரி நாட்களிலும்
இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு
விடிய விடிய கிராஸ்மேட்ச் பார்த்திருக்கிறேன்.
யாருக்கு என்று சொல்ல மாட்டேன்.
தொழில் தர்மம்.
ஞானாபரணம் அங்கிளின் குரூப் எனக்குத் தெரியும்,
அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருஷம் உதிரம் நிற்காதவளை
வேதம் பெரும்பாடுள்ள ஸ்திரீ என்கிறது.
சிறுவயதில் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டேன்:
பாவம், நிறையப் பாடுபடுகிறவள்.
சிவாஜி நகரில் பஸ் ஏறுவதே
பெரும்பாடு என்பாளே அம்மா, அந்த மாதிரி.
அப்படிப் புரிந்ததும் ஒன்றும் தப்பில்லை.

பெயர் எழுதாத குழாய் வந்தால்
கவுண்டரில் வாங்க மாட்டோம், விதி.
ஒரு நாளைக்கு நாற்பது தடவை
ஹெசரு, ஹெசரு என்று கேட்கிறேன்.
அவளுடையது வந்திருந்தால்
திருப்பி அனுப்பியிருப்பேன்.

அத்தனை பேர் இடித்துக்கொண்டு நடந்தும்
தொட்டது யார் என்று அவர் நின்று கேட்டார்.
அவள் நடுங்கிக்கொண்டே வந்து
எல்லாவற்றையும் சொன்னாள்.
அதை எழுதி வைத்தவர்கள் மூன்று பேர்.
ஒருவருக்கும் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.
மினிட்ஸ் எழுதுகிறவளுக்கு இது உறுத்தும்.

தீர்மானம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.
சகோதரிகள் தேநீர் வழங்கினார்கள் என்று
கடைசி வரியை முடிக்கச் சொன்னார்கள்.
எழுதினேன்.
அப்புறம் சகோதரிகளை அடித்துவிட்டு
மேலே பொடியாக எழுதினேன்:
ரோஸ்லெட், யூனிகேயாள்,
இஞ்சி தட்டிய சலோமி,
வீட்டிலிருந்து சர்க்கரை கொண்டுவந்த பவளமணி.
இன்னொருத்தி. புதிதாக வருகிறவள்.
குழாயடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.
நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.
தண்ணீர்ச் சத்தத்தில் காது கேட்கவில்லை அவளுக்கு.
பழக்கதோஷத்தில்
ஹெசரு என்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

குழாயை மூடினாள்.