மாடியில் மோட்டார் ஓடுகிறது

விற்றவர் கோயம்புத்தூர்.
"பையனுக்கா மேடம்?" என்றார் போனில்.
எனக்குத்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது,
பிறகு ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்,
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

"உள்ள என்னக்கா, கிரைண்டரா?" என்று
பார்சல் ஆபீஸ் பையன் தூக்கிப் பார்த்துத் தந்தான்.
இரண்டு மோட்டார், சில பல்சக்கரங்கள்,
பிடியில் உளுந்து அளவு ஒரு கண்.
உள்ளங்கை அதை மூடினால்தான் உயிர்.
எடுத்தால்
கழுத்துத் திருகிய கோழி.

கப்பலூரில் டயர் ரீட்ரேடிங் கம்பெனி.
நாள் முழுக்க எண்களைத் தட்டுகிறேன்,
எதுவும் திருப்பித் தட்டுவதில்லை.
எட்டுக்குப் பதில் மூன்றை அடித்தாலும்
கீ அதே மாதிரிதான் அமுங்கும்.

இது அப்படி இல்லை.
வேகம் கூடினால் கல்.
குறைந்தால் கஞ்சி.
மூக்கைத் தூக்கித் தூக்கி
காற்று போதாத இடத்துக்கு வந்துவிட்டால்
விமானத்துக்கு முன்னால் நடுங்குவது
என் முழங்கை.

திரைக்குள் இருக்கும் மதுரையை
இங்கே கால் வைக்காத யாரோ செய்திருக்கிறார்கள்.
கோபுரம் ஒன்றுகூட இல்லை.
செல்லூர் முழுக்கச் சிவப்புக் கூரை,
புகைபோக்கி வேறு.
யானைமலை கவிழ்த்த இட்லி.
வைகையில் மட்டும்
இரு கரை தொட்டுத் தண்ணீர்.
திருத்தும் வழி தெரியும்,
அதை அப்படியே விட்டுவைத்தேன்.

முதல் வாரம் கீழ்வீட்டு விமலாபாய் ஏறி வந்தார்.
"மோட்டார் தண்ணியில்லாம ஓடுது, காயில் போயிரும்."
ஸ்விட்ச் ஆஃபில்தான் இருக்கிறது, அவரே பார்த்தாராம்,
ஆனாலும் ஓடுகிறது.
என் மேஜைக்கால் வழியே தளத்தில் இறங்கி
அவர்கள் ஃபேன் கொக்கியில் போய் நின்றிருக்கிறது
என் விமானத்தின் நடுக்கம்.

கம்பெனியிலிருந்து பழைய டியூப் வெட்டி வந்து
நாலு காலுக்கும் செருப்புப் போட்டேன்.
அப்படியும் வந்தார்.
மூன்றாம் முறை
சண்டைக்கு வந்த முகமாக இல்லை.
"அது என்னன்னு காட்டு."

உட்கார வைத்தேன்.
படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமனாரை
நாளைக்கு நாலு தடவை புரட்டிப் போடும் கை.
உளுந்துக் கண் மூடியது.
ஆறு கண்ணாடி வளையலும்
இன்ஜினோடு சேர்ந்து ஒலிக்க ஆரம்பித்தன.
ஆயிரத்து எழுநூறு சுற்றுக்கு
அதுதான் சத்தம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

நாகமலைப் பக்கமிருந்து குறுக்குக் காற்று வைத்தேன்.
"ஏய், இழுக்குதுடி,
ஆட்டுக்குட்டிக்குப் பாட்டில்ல பால் குடுக்கற மாதிரி."
அங்கிட்டும் இங்கிட்டும் தோளே ஆட,
சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல்,
கீழே கேட்டுவிடுமோ என்று
இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஓரமாய் இருந்த டிரிம் சக்கரத்தை
நான் மெல்ல உருட்டினேன்.
கனம் கரைந்தது.
"என்ன பண்ணின?"
"ஒண்ணுமில்ல. பாரத்த வண்டியே வாங்கிக்கிச்சு."
"இல்ல, என்னமோ பண்ணின.
முன்னாடி மாதிரி வை."
வைத்தேன்.
பிறகு, "சரி, அப்டியே எடு" என்றார்.
எடுத்தேன்.
இப்படி நாலைந்து தடவை.

நானூறு அடியில் கரண்ட் போனது.

கண்ணை மூடியபடிதான் இருந்தது கை,
இருந்தும் செத்துக் கிடந்தது பிடி.
இருட்டில் விமலாபாய் கையை எடுக்கவில்லை.
"விழுந்துருச்சா?"
"தெரியல."
யுபிஎஸ் இல்லாத வீட்டில்
விழுவதற்கும் விழாததற்கும் வித்தியாசமில்லை.
பெருங்குடிப் பக்கம் நாய் ஒன்று குரைத்தது.
கொசு.

வந்தபோது ஃபேனுக்கு முன் அது எழுந்தது.
தானாக இடம், வலம்,
முன்னால் மேஜை விளிம்பு வரை, பின்னால் வயிறு வரை.
அவர் பதறிப் பிடிக்கப் போனார்.
"விடுங்க, அதுவே நடுவத் தேடிக்கும்."
தேடியது. டக்கென்று நின்றது.

கீழிருந்து குரல் வந்தது.
"பத்து நிமிஷம்" என்று படியைப் பார்த்துச் சொன்னார்,
அந்தக் குரலில் முன்பு கேட்டதில்லை.
பிறகு என் பக்கம் திரும்பி,
"மறுபடி மொதல்லருந்தா?
அந்த ஆட்டுக்குட்டி எங்க வரும்?"