இருநூற்றுப் பன்னிரண்டு பைட்

தீயணைப்பு நிலையத்தில்தான் வைத்தோம் அதை.
ஜெனரேட்டர் இருக்கிற ஒரே கூரை.
பால் சங்கத்துக்கும் அதற்கும் நடுவே
ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு அருவி,
வேலியெல்லாம் ஹைட்ரேஞ்சா.
ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் மிஞ்சும்.
மொத்தத் தத்துவமும் அவ்வளவே.

ஃப்ளோரெஸ் தீவு.
மேற்கே தண்ணீர்.
அதற்கும் மேற்கே
பாதிப் பேருடைய மச்சான்கள், பாஸ்டனில்.

மடிக்கணினி பழையது, ஒரு விசை இல்லாதது.
ஹெர்மினியோ அதன்மேல் காலுறை உலர்த்துவான்.
சூடு வீணாகத்தானே போகிறது என்பான்.

நான் எழுதியது நாற்பது வரி.
கோப்பு வந்தால் வாங்கு.
சாவி இல்லாத கையிலிருந்து வாங்காதே.
தேதியைப் பெயராகச் சூட்டி அடுக்கு.
(முதல் வாரம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தேன்.
திங்களைச் செவ்வாய் தின்றது,
செவ்வாயைப் புதன் தின்றது,
கடைசியில் சனிக்கிழமை மட்டும்
கொழுத்து உட்கார்ந்திருந்தது.
சங்கத்தில் அதுபற்றி மூச்சு விடவில்லை.)

இரவு பதினொன்றரைக்கு
அன்றைய பால் ஏடு கிளம்பும்:
எந்த வீடு, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு.
பள்ளத்தாக்கைத் தாண்டியதும் பச்சைப் புள்ளி.
வந்து சேர்ந்தது.
வந்து சேர்ந்தது.
நாற்பத்தொரு இரவு வந்து சேர்ந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் மழை, வேறு வேலையில்லை.
ஒன்றைத் திறந்துதான் பார்ப்போமே என்று திறந்தேன்.
உள்ளே ஒன்றுமில்லை.
அதற்கு முந்தையதிலும் இல்லை.
அதற்கும் முந்தையதில்
இல்லை என்று சொல்லக்கூட எதுவுமில்லை.

ஒன்பதாம் நாளே கடவுச்சொல்லை மாற்றிவிட்டாள்
கணக்கெழுதும் தியோலிந்தா.
என் நிரலோ பூட்டிய கதவை ஒருமுறை தட்டிவிட்டு
வெறுங்கையை உறையிலிட்டு
ஒட்டி, முத்திரை குத்தி
இரவு தவறாமல் அனுப்பியிருக்கிறது.
வாங்கிய பக்கமும் நன்றி சொல்லியிருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.
நான் இரண்டு அருவி தாண்டிப் போட்டேன்,
அளக்கவில்லை.

கோபித்துக்கொண்டு போனேன்.
அவள் ஒன்றும் பேசாமல்
திரையோரம் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள்.
‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றவும்.’
என் கையெழுத்து.

நாற்பத்தோராம் வரி சேர்த்தேன்:
நேற்றையதில் பாதிக்கும் குறைந்தால்
வாங்காதே.
என்னை எழுப்பு.

பிப்ரவரியில் எழுப்பியது.

அன்று காலை மலை சரிந்து
சாலை மூடிப்போயிருந்தது.
எவரிஸ்தோவின் பால் வண்டி இந்தப் பக்கம்,
பத்தொன்பது வீடும் அந்தப் பக்கம்.
பசுவுக்குச் சாலை மூடியது தெரியுமா?
கறந்தார்கள்.
கன்றுக்கும் பன்றிக்கும் போக
மிச்சத்தை ஓடையில் ஊற்றினார்கள்.
அளந்து ஊற்றினார்களா, தெரியாது.

தியோலிந்தா மட்டும்
எப்போதும்போல் மாலையில் உட்கார்ந்து
பத்தொன்பது பெயருக்கும் எதிரே
பூஜ்யம் பூஜ்யம் என்று தட்டியிருக்கிறாள்.
கோப்பின் எடை இருநூற்றுப் பன்னிரண்டு பைட்.
மிகக் குறைவு, ஏற்க முடியாது என்கிறது சேவை.
அதன்மேல் குற்றமில்லை,
நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது.

காலி வேறு, பூஜ்யம் வேறு.
இதை எந்த வரியில் எழுதுவது?
இரண்டு மணிவரை எழுதி அழித்தேன்.
பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
நிலையத்துக்கு நடந்தேன்.
ஈரக் காலுறைகளை ஓரமாக நகர்த்தினேன்.
இல்லாத விசையின் குழியில் விரல்நகத்தை அழுத்தி
அந்த ஒரு நாளை
என் கையாலேயே உள்ளே எடுத்துக்கொண்டேன்.

ஹெர்மினியோ கண் திறக்காமல் கேட்டான்:
தீயா?

இல்லை, தூங்கு.
பால்.