காய்ச்சல் விட்ட அன்று

மாங்குளம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு
ஆட்கள் வருவதில்லை.
ஊதா மூடிக் குழாய்கள் வரும்,
பக்கத்தில் பெயர், கட்டில் இலக்கம், நேரம்.
யசோமலர், 37, கட்டில் பதினொன்று.
தொழில்: கண்ணிவெடி அகற்றல்.

மூன்றாம் நாள் வந்தாள்,
அதாவது அவளது இரத்தம் வந்தது.
வெள்ளணு இரண்டாயிரத்து முந்நூறு.
பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
பி.சி.வி. முப்பத்தாறு.
முப்பத்தாறைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன்.
இனி எல்லாவற்றையும் அதிலிருந்துதான் அளக்கவேண்டும்.

பரிசோதனைப் பட்டையில் டெங்குக்கு ஒரு கோடு.
அடுத்த நாள் ஐ.ஜி.ஜி.க்கும் ஒன்று,
தடித்து, அவசரமாக.
புதிதாய்க் காய்ச்சல் கண்ட உடம்பில்
நாலாம் நாளே எழும்பாத கோடு அது.
"முந்தி டெங்கு வந்ததோ?" என்று டொக்டர் கேட்டாராம்.
"இல்லை" என்றாளாம்.
பிறகு,
"முகாமில இருக்கேக்க ஒரு காய்ச்சல்.
அப்ப எல்லாருக்கும்தான் காய்ச்சல்,
ஆர் அதுக்குப் பேர் வைச்சது?"

அந்த வருடத்துக்கு அட்டை இல்லை, கொப்பி இல்லை.
கூடாரத்து இலக்கம்கூட அவளுக்கு மறந்துபோயிற்று.
இரத்தம் மட்டும் குறித்துவைத்திருக்கிறது,
அதுவும் அரைகுறையாக.
அன்று வந்தவனை அடையாளம் வைத்திருந்த கைகள்
இன்று வந்தவனைப் பிடிக்கின்றன,
ஆனால் இறுக்கமாக இல்லை.
பிடித்த பிடியிலேயே
அவனை உள்வீட்டுக்குக் கூட்டிப்போகின்றன.

ஐந்தாம் நாள் விடிய காய்ச்சல் விட்டது.
தங்கச்சி வற்றாப்பளை அம்மனுக்கு
மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.
"வீட்ட போகலாமோ மிஸ்ஸி?"
ஜெசிந்தா மிஸ்ஸி பதில் சொல்லவில்லை.
மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு குழல்
எனக்கு அனுப்பத் தொடங்கினா.

மயிரளவுக் கண்ணாடி, ஒரு நுனியில் களிமண்,
ஐந்து நிமிடச் சுழற்சி.
சிவப்பு கீழே. வைக்கோல் நிறத் தெளிவு மேலே.
முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்று.
நாற்பத்து மூன்று.
சிவப்பு கூடவில்லை, தண்ணீர் குறைகிறது.
கரை உடையாமலே பொசிகிற வாய்க்கால் போல
நாளத்தை விட்டுக் கசிந்து
நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குகிறது.
பிளேட்லெட் பத்தொன்பதாயிரம்.
அழுத்தம் நூறுக்கு எண்பது;
இரண்டு இலக்கமும்
ஒன்றையொன்று நெருங்கினால்தான் பயம்.
சேலைனும் துளி எண்ணித்தான்.
குறைந்தால் கை குளிரும்,
கூடினால் மூச்சு முட்டும்.
சாண் சாணாக நிலத்தைத் தடவுகிற வேலைக்காரி,
இந்தக் கணக்கு அவளுக்கு விளங்கியிருக்கும்.

ஒரு பகலும் ஓரிரவும் நாற்பத்து மூன்றிலேயே நின்றது.
மறு இரவு இரண்டே முக்காலுக்கு
வந்த குழலைப் பார்த்தேன்.
முப்பத்தெட்டு.

கசிந்தது திரும்பிவந்தாலும் முப்பத்தெட்டு.
உள்ளே எங்கோ இரத்தம் போனாலும் முப்பத்தெட்டு.
திரும்பவும் சுழற்றினேன்.
அதே இடம்.
குழலிடம் கேட்க இதற்குமேல் ஒன்றுமில்லை.

ஆறு வருடத்தில் முதல் தடவை
வார்டுக்கு நடந்தேன்.
மழை ஈரத்தில் ஓடை வழுக்கியது.
போத்தலில் சிறுநீர், ஒரு மணித்தியாலத்துக்கு நூற்று நாற்பது.
மணிக்கட்டு சூடு. நாடி நிறைவு.
முழங்காலுக்குக் கீழே சிவந்த தோலில்
வெள்ளை வெள்ளையாய்ச் சிறு தீவுகள்.
அவள் சொறிந்துகொண்டிருந்தாள்.

"நீங்களோ என்ர ரத்தம் பாக்கிறது?"
"ஓம்."
"இப்ப எவ்வளவு?"
"முப்பத்தெட்டு."
"அது நல்லதோ?"
"பசிக்குதோ?" என்று கேட்டேன்.
"பாண் இருந்தாத் தின்னலாம்,
இந்தக் கஞ்சி வேண்டாம்."

திரும்பிவந்து பதிவில் எழுதினேன்.
வட்டம் போடவில்லை.
மேசையில் அடுத்த குழாய் கிடந்தது,
கட்டில் நான்கு, மூன்றாம் நாள்.
முதலில் இலக்கத்தைப் பார்த்தேன்.
பிறகு வெளிச்சத்துக்குத் திருப்பி
பெயரை வாசித்தேன்.