தோன்றா எழுவாய்

டுலூத்தில் நவம்பர் மாதம், மாலை ஏழு மணி.
ஏரியின் மேல் இருட்டு அதற்குள் பழசாகிவிட்டது.
ப்ரெக்கே ஆளுக்கொரு கட்டு
வண்ணப் பென்சில் நீட்டுகிறார்.
நீலம் வருணனைக்கு.
சிவப்பு கதை நகரும் இடத்துக்கு.
பச்சை ஒப்பீடு, ஊதா காரண காரியம்.
மஞ்சள், அணி என்று எது கண்ணில் பட்டாலும்.

கட்டுரை நான்கே பக்கம்.
நூறாண்டுக்கு முன் ஏரியில் பனிக்கட்டி அறுத்துப் பிழைத்தவன்
பின்னாளில் தபால் குமாஸ்தாவாகி எழுதியது.
மார்ச் கடைசி. மெலிந்த பனி.
வண்டியோடு உள்ளே போன குதிரை.

பக்கத்து மேசையில் லாரி ஓட்டும் டுவேன்
முதல் பத்தியை முழுக்க நீலத்தில் முக்கிவிட்டான்.
'அது கனைக்கவில்லை' என்று மூன்று முறை வருகிறது.
மூன்று மஞ்சள் கோடு.
ஓரத்தில், 'அழுத்தம் தருவதற்காக'.
எந்தத் தேர்விலும் பாதி மதிப்பெண் வாங்கித்தரும் பதில்.

நான் எதுவும் எழுதவில்லை.
பத்து மணிக்கு மேல் எனக்கு
அவசர அழைப்பு மையத்தில் வேலை.
ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்பவர்கள்
எதையும் அழுத்துவதில்லை.
அடுத்த வாக்கியம் ஓர் அறை.
உள்ளே போக முடியாமல்
வாசலிலேயே பூட்ஸைக் கழற்றுகிறார்கள்,
மாட்டுகிறார்கள், கழற்றுகிறார்கள்.

உவமையும் அப்படித்தான்.
ரத்தம் என்று யாரும் தொடங்குவதில்லை.
'பெயிண்ட் கொட்டின மாதிரி' என்பார்கள்.
எந்தத் தெரு என்று கேட்பேன்.

மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.
அதுவரை ஒவ்வொரு வினைக்கும் ஆள் இருந்தது:
நான் ஓடினேன், எஸ்கில் கத்தினான்,
நான் குப்புறப் படுத்து ஊர்ந்தேன்.
பிறகு ஒரு வரி:
'கயிறு அறுக்கப்பட்டது.'
உடனே வானம். உடனே வடக்கே திரும்பும் வாத்துகள்.
இரண்டு பத்திக்கு நீலம் போதாது.

"யார் அறுத்தது?"

ப்ரெக்கே மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டார்.
"செயப்பாட்டு வினை, மார்லிஸ். அந்தக் காலத்து நடை."
"முதல் பக்கத்தில் கத்தி இருக்கிறது," என்றேன்.
அப்பாவுடையது என்கிறான். கொம்புப் பிடி என்கிறான்.
காலையில் தீட்டினேன் என்கிறான்.
டுவேன் அதையும் நீலத்தில் முக்கியிருந்தான்.

காகிதங்கள் பின்னோக்கிப் புரண்டன.
கடைசி வரிசையில் லவோன்
நகத்தைக் கடித்தபடியே சொன்னாள்:
"அதற்கப்புறம் எஸ்கில் வரவே இல்லை."

ப்ரெக்கே பலகையில் எதையோ எழுதப் போய்
சாக்பீஸைக் கீழே வைத்தார்.
யாரோ ஹீட்டரைக் குறைத்தார்கள்.
அடுத்த வாரம் நையாண்டி பார்க்கலாம் என்றார்.

பத்து பத்துக்கு ஹெட்செட்டை மாட்டினேன்.
பழைய பதிவுகளைத் தேட அவசியமில்லை, தேடினேன்.
போன பிப்ரவரி ஒன்பது, அதிகாலை மூன்று இருபது,
என் விரல்கள் தட்டியது:
'தொடர்பு துண்டிக்கப்பட்டது.'
கீழே காற்றின் வேகம், வெப்பநிலை,
வண்டி புறப்பட்ட நேரம்.
அத்தனையும் அப்பழுக்கற்ற நீலம்.

பையில் பென்சில் கட்டு கிடந்தது,
திருப்பித் தர மறந்திருக்கிறேன்.
அந்த வரியின் முன்னால்
எழுவாயை ஒருமுறை வைத்துப் பார்த்தேன்,
சத்தமில்லாமல், உதட்டில் மட்டும்.
இரண்டே எழுத்து.

நான்காம் இணைப்பில் விளக்கு எரிந்தது.