நானூற்றுப் பதினேழாம் சீட்டு

முத்தியால்பேட்டை முனையில் தமுக்கு அடித்தார்கள்:
கலகத்தில் சேராத குடிகள்
தத்தம் ஆயுதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.
ஏந்தலாம். இடுப்பில் செருகலாம்.
சாமி புறப்பாட்டுக்கும் கலியாணத்துக்கும் கட்டிப் போகலாம்.
சர்க்கார் மனமிரங்கியிருக்கிறது.

தமுக்கடித்தவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.
விசுவாசம் என்ற இடத்தில் மட்டும் இருமினான்.

கோட்டைக்குப் போனேன்.
கிடங்கு வாசலில் வரிசை, அதன் வால்வரை வெயில்.
எனக்கு முன்னால் ராகவ ரெட்டி, துப்பாக்கிக்கு.
அவருக்கு முன்னால் மீரா லெப்பை, தகப்பனாரின் கட்டாரிக்கு.
யார் எதைச் சொல்லி
இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தோமென்று
யாரும் கேட்டுவிடாதபடி
எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ராயசம் அனந்தய்யர்
பொடி ஒட்டிய விரலால் பேரேட்டைப் புரட்டினார்.
பேர்?
உடையண்ணன். பெத்துநாயக்கன்பேட்டைக் காவல்.
கலகத்தில்?
இல்லை.
சாட்சி?
சாட்சி சொன்னவனே நான்தான், ஐயா.
பேனா நின்றது.
ஓ, அந்த உடையண்ணனா.
மேற்கொண்டு கேட்காமல் முத்திரை குத்தினார்.

விறகுக் கட்டைபோல அணைத்து வந்து
சிப்பாய் மேஜைமேல் போட்டான்.
மூன்று மழைக்காலம் ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடந்ததில்
எல்லாருடையதும் ஒரே துரு.
சீட்டின் பாதியை எலி தின்றிருந்தது.
நானூற்றுப் பதினேழு. எடு.

என் வாள் இல்லை அது.
என்னுடையதற்கு எருமைக்கொம்புப் பிடி.
இதற்குப் பித்தளை.
அலகில் பல்லிவால் நீளத்துக்கு ஒரு பிளவு:
கூவத்தில் உப்புக் கள்ளத்தோணியின் சங்கிலியை
வெட்டிய இரவில் விழுந்தது.
விளக்குப் பிடித்தவன் நான்.
வெட்டியவன் இருளப்பன்.

எந்த இருளப்பன் என்பீர்கள்.
நான் சாட்சி சொன்ன இருளப்பன்.

மாற்றிக் கொடுங்கள் என்றிருக்கலாம்.
யாருடையது இது, உனக்கெப்படித் தெரியும் என்பார்.
மறுபடி ஒருமுறை
அவன் பேரை அந்த மேஜையில் சொல்லவேண்டும்.
என் கீறலைப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன்.

கொத்தவால்சாவடிக்குள் வந்தபோது ஜனம் ஒதுங்கியது.
மூன்று வருஷமாய் மூங்கில் தடியோடு நடந்தவனுக்கு
வழி கிடைத்தது.
காவலுக்கு வாள் வந்துட்டுது என்றான் ஒருவன்,
சந்தோஷமாகத்தான்.

இருளப்பன் பெண்சாதி வீராயி
புளி நிறுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.
பித்தளைப் பிடியைப் பார்த்தாள்.
முகத்துக்கு ஏறவில்லை அவள் கண்.
எட்டுப் பலம், சரியாயிருக்கு, என்றாள்
வாங்க வந்தவளிடம்.

இப்போது ராத்திரிக் காவல்.
தெருத் தெருவாய்த் தாழ் போடாமல் தூங்குகிறார்கள்,
நான் இருக்கிறேன் என்று.
சீட்டில் எழுதியதை ரெட்டியார் படித்துச் சொன்னார்:
இவ்வாயுதத்தை உடையவன் விசுவாசி என்று அறிக.

உறை மட்டும் என்னுடையது.
வாளுக்கு அது கொஞ்சம் பெரிது.
எட்டு வைக்கும்போதெல்லாம்
உள்ளிருந்து தட்டுகிறது.